பெத்தாயவேசித் தேவாலயம்: ஒரு மரக்கட்டடமும் அதன் மக்களும்

கட்டடக்கலை வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் அரசர்களையும் தலைநகரங்களையுமே நாடிச் செல்வர். கட்டுவித்த மன்னன் யார், வரைபடம் தயாரித்த கலைஞன் யார், எந்தப் பாணியைச் சேர்ந்தது என்பனவே அவர்தம் முதல் வினாக்களாக அமைகின்றன. இவ்வினாக்களுக்கு எளிதில் விடை தராத கட்டடங்கள் 'நாட்டுப்புறக் கலை' என்ற தலைப்பின் கீழ் ஒரு பந்தியுடன் முடிக்கப்பட்டுவிடுவதும் உண்டு. ஆயின், எழுதப்பட்ட சான்றுகள் அதிகம் இல்லாத உழைக்கும் மக்களின் வரலாற்றை அறிய முற்படுவோர்க்கு அத்தகைய கட்டடங்களே முதன்மையான ஆவணங்களாக விளங்குகின்றன. பின்லாந்தின் நடுப்பகுதியிலுள்ள பெத்தாயவேசி என்னும் கிராமத்துப் பழைய லூதரன் தேவாலயம் அவ்வகையில் நுணுகி நோக்கத்தக்கதாகும். அதன் வரலாற்றையும், உள்ளமைப்பையும், தளபாடங்களையும் ஆராய்ந்து, அவை யாருடைய வரலாற்றைக் கூறுகின்றன என்பதைக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நிலமும் மக்களும்

'பெத்தாய' என்னும் பின்னியச் சொல் தேவதாரு இனத்தைச் சேர்ந்த பைன் மரத்தையும், 'வேசி' என்னும் சொல் நீரையும் குறிப்பன. பைன் மரமும் நீரும் என்ற இவ்விரண்டுமே இவ்வூரின் வாழ்வைத் தீர்மானித்த இயற்கைக் கூறுகள். காடுகளுக்கும் ஏரிகளுக்கும் இடையே சிதறிக் கிடந்த பண்ணைகளில் வாழ்ந்த குடியானவர்கள், காட்டை எரித்துப் பயிரிட்டும், மீன் பிடித்தும், வேட்டையாடியும் சீவியம் நடத்தினர். நல்ல வீதிகள் இல்லாத அந்நிலத்தில் கோடையில் படகும், குளிர்காலத்தில் உறைந்த ஏரியின் பனித்தளமுமே பிரதான போக்குவரத்துப் பாதைகளாக அமைந்தன.

அக்காலத்தில் பின்லாந்து சுவீடிய இராச்சியத்தின் ஒரு பகுதியாக இருந்தது. 1527ஆம் ஆண்டின் வெஸ்தெரோஸ் மன்றத்துடன் சுவீடிய அரசு உரோமத் திருச்சபையின் ஆதிக்கத்தினின்றும் விலகத் தொடங்கியது. 1593ஆம் ஆண்டில் கூடிய உப்சாலா பேரவை லூதரன் விசுவாச அறிக்கையை முறைப்படி ஏற்றுக்கொண்டது. இச்சீர்திருத்தம் பின்னிய மொழிக்கும் எழுத்து வாழ்வை அளித்தது. மிக்கேல் அகிரிக்கோலா 1543ஆம் ஆண்டளவில் வெளியிட்ட அரிச்சுவடியும், 1548ஆம் ஆண்டில் வெளியிட்ட புதிய ஏற்பாடும் அம்மொழியின் எழுத்திலக்கியத்துக்கு அடித்தளமிட்டன. முழு வேதாகமம் 1642ஆம் ஆண்டில் பின்னிய மொழியில் வெளிவந்தது.

எனினும், திருச்சபையை வழிபாட்டு நிறுவனமாக மாத்திரம் கருதுதல் பொருந்தாது. அரசாணைகள் ஆலயத்திலேயே வாசிக்கப்பட்டன. பிறப்பு, விவாகம், இறப்பு ஆகியவற்றைக் குருவானவரே பதிந்தார். 1686ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டம் மக்கள் யாவரும் வாசிக்கவும் ஞானோபதேசத்தை அறியவும் வேண்டுமென விதித்தது. இவ்வறிவு குருமாரால் சோதிக்கவும் பட்டது. ஆகவே தேவாலயம் என்பது அரசு, கல்வி, ஒழுக்கக் கட்டுப்பாடு ஆகிய மூன்றும் குடியானவனைச் சந்திக்கும் இடமாக இருந்தது. ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமைக் கூட்டமே, தனித்தனிப் பண்ணைகளில் வாழ்ந்தோரை ஓர் 'ஊர்' ஆக்கிய சந்தர்ப்பமுமாகும். ஏரிப் பிரதேசத்துக் கிராமங்கள் பலவற்றில், பல குடும்பங்கள் கூட்டாக உரிமை கொண்டு, பலர் ஒருங்கே துடுப்பு வலித்துச் செலுத்திய நீண்ட 'ஆலயப் படகுகள்' வழக்கிலிருந்தன. தாய்ப் பங்கின் ஆலயம் தொலைவில் இருந்தமையால், பெத்தாயவேசி மக்கள் தமக்கென ஓர் ஆலயமும் அடக்க நிலமும் வேண்டி நின்றதன் காரணம் இப்பின்னணியில் தெளிவாகும். இறந்தோரைக் காடும் ஏரியும் கடந்து நெடுந்தொலைவு கொண்டுசெல்லும் துயரமும் அவ்வேண்டுதலில் அடங்கியிருந்தது.

கட்டுமானம்

இத்தேவாலயம் 1763ஆம் ஆண்டு தொடங்கி 1765ஆம் ஆண்டில் நிறைவெய்தியது. இரு ஏரிகளை இணைக்கும் நீர்வழியின் கரையில், படகிலும் பனியின் மீதும் எளிதில் வந்து சேரத்தக்க இடத்தில் அது எழுப்பப்பட்டது. இதனைக் கட்டியவர் யாக்கோ கிளெமெத்தின்பொய்கா லெப்பனென் என்னும் தச்சர். 'பொய்கா' என்பது மகன் எனப் பொருள்படும்; கிளெமெத்தியின் மகன் யாக்கோ என்பதே அவர் பெயர். பல்கலைக்கழகத்திலோ கலைக்கழகத்திலோ பயின்ற கட்டடக்கலைஞர் அல்லர் அவர். மரத்தையும் கோடரியையும் பரம்பரையாக அறிந்த கிராமத்துத் தச்சர் மரபிலிருந்து எழுந்தவர்.

இக்காலத்தின் முக்கியத்துவத்தை உணர்வதற்கு ஒரு செய்தியை மனங்கொள்ளல் வேண்டும். 1776ஆம் ஆண்டில் மன்னன் மூன்றாம் குஸ்தாவ், பொதுக் கட்டடங்களின் வரைபடங்கள் யாவும் ஸ்டொக்ஹோமிலுள்ள அரச கட்டட அலுவலகத்தின் அங்கீகாரத்தைப் பெறவேண்டுமென ஆணையிட்டான். அதன் பின்னர் தலைநகரின் ரசனையும் அளவுகோலும் கிராமங்கள் வரை சென்று ஆட்சி செலுத்தின. பெத்தாயவேசித் தேவாலயமோ அவ்வாணைக்கு 11 ஆண்டுகள் முன்னரே நிறைவுற்றது. தச்சரின் அறிவும் ஊரவரின் விருப்பும் ஓர் ஆலயத்தின் வடிவத்தைப் பெரிதும் தீர்மானிக்க இயன்ற ஒரு காலகட்டத்தின் இறுதிப் பகுதியில் அது தோன்றியது எனலாம்.

சுவர்கள் பைன் மரக்குற்றிகளால் ஆனவை. குற்றிகளைக் கிடையாக ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, மூலைகளில் வெட்டுவாய் செதுக்கி ஒன்றோடொன்று கோத்து எழுப்பும் முறை வட ஐரோப்பாவின் காட்டு நிலங்களில் நெடுங்காலமாக வழங்கியதாகும். குடியானவனின் வீடும், தானியக் களஞ்சியமும், நீராவிக் குளியலறையும் இம்முறையிலேயே அமைந்தன. இதில் ஒரு தடை உண்டு: மரத்தின் நீளமே சுவரின் நீளத்துக்கு எல்லையாகும். கிராமத்துத் தச்சர் இத்தடைக்குக் கண்ட தீர்வுகளுள் ஒன்று சிலுவை வடிவத் தள அமைப்பு. நான்கு கரங்கள் கூடும்போது உள்மூலைகள் சுவர்களுக்கு உறுதி தருகின்றன. குறுகிய மரங்களைக்கொண்டே பெரிய கூடத்தை அமைக்கவும் இயலுகின்றது. எனவே சிலுவை வடிவம் இங்கு சமயக் குறியீடாகவும் பொறியியல் தீர்வாகவும் ஒருங்கே அமைகின்றது.

கல்லில் பிறந்து மரத்தில் வாழ்ந்த வடிவம்

ஆயினும் இவ்வமைப்பு முற்றிலும் உள்ளூரில் பிறந்ததன்று. சம அளவான நான்கு கரங்களும் நடுவே குவிமாடமும் கொண்ட மையத் திட்டக் கட்டடம் ஐரோப்பிய மறுமலர்ச்சிக் காலத்தவரின் இலட்சிய வடிவமாகும். அது வடக்கு நோக்கிப் பரவியபோது, 17ஆம் நூற்றாண்டில் ஸ்டொக்ஹோமில் எழுந்த கத்தரீனா தேவாலயம் போன்ற கட்டடங்களில் கல்லுருவம் பெற்றது. பிரசங்கத்தை மையமாகக் கொண்ட லூதரன் வழிபாட்டுக்கு, எல்லோரும் போதகரைக் காணவும் கேட்கவும் ஏற்ற இவ்வமைப்பு பொருத்தமாயிற்று. பெத்தாயவேசியில் அதே கருத்து மரத்தில் வந்து நிற்கின்றது.

உள்ளே நுழைந்து மேலே நோக்கினால் மற்றொரு மரபும் புலனாகும். கரங்களின் மேல் பலகைகளால் வளைத்தமைத்த பீப்பாய் வடிவ விதானங்கள் உள. அவை சந்திக்கும் நடுவிடத்தில் எண்கோணக் குவிமாடம் எழுகின்றது. இடைக்காலக் கொதிக் கல் ஆலயங்களின் குறுக்கு வளைவு விதானங்களின் நினைவு இவற்றில் தங்கியுள்ளது. கல்லாலான வளைவு பாரத்தைத் தாங்குவதற்காகத் தோன்றியது. மரக்கட்டடத்துக்கு அவ்வளைவு பொறியியல் நோக்கில் இன்றியமையாததன்று. இருந்தும் தச்சர் அதனை விரும்பி அமைத்தார். தட்டைக் கூரையின் கீழ் வாழ்ந்த மக்களுக்கு, வானத்தை நினைவூட்டும் ஓர் உயரத்தை அளிக்க விரும்பினார் போலும். வளைவுகள் குறுக்கே செல்லும் இணைப்பு உத்திரங்களுடன் சேர்ந்து நிற்கின்றன. விதானத்தில் செங்காவி நிறத்தில் எளிய அலங்காரங்கள் தீட்டப்பட்டுள்ளன.

ஆகவே இங்கு நாம் காண்பது, உயர்கலையை அரைகுறையாகப் பின்பற்றிய கிராமத்தவரின் முயற்சி என்ற கூற்று ஏற்புடையதன்று. கல்லின் மொழியில் இருந்த கருத்தை மரத்தின் இலக்கணத்துக்கு இசையத் தம்முடையதாக்கிக் கொண்ட ஒரு தச்சரின் படைப்பு இது. எதனை ஏற்பது, எதனை விடுவது, எதனை மாற்றுவது என்பதை அறிந்தவருக்கே இது கைகூடும்.

தளபாடங்கள் கூறும் செய்தி

சுவர்களின் உட்புறம் வர்ணம் பூசப்படாதது. இரண்டரை நூற்றாண்டுகளாகக் காற்றும் ஒளியும் பட்டுக் கபிலமும் சாம்பலும் கலந்த நிறத்தை அம்மரங்கள் பெற்றுள்ளன. கோடரியின் வெட்டுத் தடம் காணத்தக்கதாக இருப்பது இத்தகைய கட்டடங்களின் தனிச்சிறப்பு. ஆசனங்கள் எளிய மரவாங்குகளே. ஆனால் எளிமையைச் சமத்துவம் என்று பிழைபட விளங்கிக்கொள்ளல் ஆகாது. சுவீடிய இராச்சியத்து லூதரன் ஆலயங்களில் ஆண்கள் ஒரு புறமும் பெண்கள் மறு புறமும் அமர்வது வழக்கம். பண்ணைகளின் தகுதிக்கேற்ப வாங்குகள் ஒதுக்கப்படுவதும் பரவலாக நிலவியது. யார் முன்னே, யார் பின்னே என்பது வழக்குகளுக்கும் மனத்தாங்கல்களுக்கும் காரணமாயிற்று. ஒழுங்கு மீறியோரைப் பிறர் காண இருத்தித் தண்டிக்கும் கால்தொழுமரமும் அக்காலத்துப் பின்லாந்து ஆலயங்கள் பலவற்றின் வாயிலில் இருந்தது. எனவே ஆலயத்தின் தளபாடங்கள் வழிபாட்டுக்கு உதவியவாறே சமூகப் படிநிலையையும் வாராவாரம் உறுதிசெய்தன. இவ்வுண்மையை மறைத்து, பழைய கிராம வாழ்வைக் கனவுலகாகக் காட்டுவது வரலாறாகாது.

தளபாடங்களுள் தலைசிறந்தது பிரசங்க மேடையே. லூதரன் மரபில் திருவிருந்துக்குரிய பீடத்துக்கு ஒப்பான மதிப்பு வசனம் உரைக்கப்படும் மேடைக்கும் உண்டு. பெத்தாயவேசியின் மேடை மரச்செதுக்கு வேலைப்பாடுகளால் நிறைந்தது. புனிதரும் தேவதூதரும் அதில் உருப்பெற்றுள்ளனர். அம்மேடையைத் தன் உடலால் தாங்கி நிற்பவர் புனித கிறிஸ்தோப்பர். குழந்தை இயேசுவைத் தோளில் சுமந்து ஆற்றைக் கடப்பித்தவர் என்று இடைக்கால ஐதீகம் கூறும் அப்பெரியவர், புனிதர் வழிபாட்டைக் கைவிட்ட லூதரன் ஆலயமொன்றில் இடம்பெறுவது முதற்பார்வைக்கு வியப்பளிக்கலாம். லூதரன் திருச்சபை கல்வினியர் போன்று உருவங்களை முற்றாக அகற்றவில்லை. வணக்கத்துக்குரியவராக அன்றிப் போதனைக்குரியவராகப் புனிதர்களின் உருவங்கள் எஞ்சியிருக்க அது இடமளித்தது. இங்கு கிறிஸ்தோப்பர் சுமப்பது வசனத்தை. ஒவ்வொரு ஞாயிறும் நீரைக் கடந்து ஆலயம் வந்த மக்களுக்கு, நீரைக் கடப்பித்தவரின் உருவம் அந்நியமாகத் தோன்றியிராது எனக் கருத இடமுண்டு.

இச்சிற்பங்களின் அழகு அவற்றின் செம்மையில் தங்கியிருக்கவில்லை. உடலளவுகள் பாடநூல் விதிகளுக்கு அமையாதவை. தேவதூதரின் முகங்கள் இத்தாலியச் சிற்பங்களின் மென்மையைக் காட்டுவதில்லை. உறுதியான கன்னங்களும் நேர்நோக்குப் பார்வையும் கொண்ட கிராமத்து முகங்களாகவே அவை தோன்றுகின்றன. செதுக்கியவர் தாம் அறிந்த மனிதரைக் கொண்டே அறியாத வானுலகைக் கற்பனை செய்தார். மக்கள் கலையின் இயல்பே அதுவாகும்.

ஒளியும் வெப்பமும் பற்றியும் ஒரு சொல். இவ்வாலயத்தில் வெப்பமூட்டும் வசதி இல்லை. கடுங்குளிர் காலத்தில் உள்ளே அமர்ந்திருந்தோர் தம் மூச்சு ஆவியாவதைக் கண்டவாறே நீண்ட பிரசங்கங்களைக் கேட்டிருத்தல் வேண்டும். ஆனால் அடுப்பும் புகைபோக்கியும் இல்லாமையே தீயினின்றும் இக்கட்டடத்தைக் காத்த காரணிகளுள் ஒன்று என்பதும் மறக்கற்பாலதன்று.

மணிக்கோபுரம்

1821ஆம் ஆண்டில் ஆலயத்தின் மேற்குப் பக்கத்தில் மணிக்கோபுரம் கட்டப்பட்டது. கட்டியவர் எர்க்கி லெப்பனென்; யாக்கோவின் பேரர். பாட்டனார் எழுப்பிய கட்டடத்துடன் தம் கோபுரத்தை ஒடுங்கிய நடைவழி ஒன்றினால் அவர் இணைத்தார். இவ்விரு தலைமுறைகளுக்கிடையே நாட்டின் அரசியல் முற்றிலும் மாறியிருந்தது. 1809ஆம் ஆண்டில் சுவீடன் பின்லாந்தை இழந்தது. ருஷ்யப் பேரரசின் கீழ் தன்னாட்சியுள்ள ஒரு பெருங்கோமகவமாக அது அமைந்தது. மன்னன் மாறினான், தலைநகர் மாறியது. ஆனால் கோடரி ஒரு குடும்பத்தின் கைகளிலேயே தொடர்ந்தது. அரசியல் வரலாற்றின் கால எல்லைகளும் தொழில்மரபின் கால எல்லைகளும் ஒன்றாக அமைவதில்லை என்பதற்கு இக்கோபுரம் தக்க சான்றாகும்.

கைவிடப்பட்டமையும் கண்டெடுக்கப்பட்டமையும்

1879ஆம் ஆண்டில் பெத்தாயவேசியில் புதிய தேவாலயம் எழுந்தது. பழைய ஆலயத்தில் வழிபாடு நின்றது. மணிக்கோபுரமும் அடக்க நிலமும் மாத்திரம் தொடர்ந்து பயன்பட்டன. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பின்லாந்தின் பழைய மர ஆலயங்கள் பலவும் இடிக்கப்பட்டன. அல்லது காலத்துக்கேற்ப வர்ணம் பூசப்பட்டும், அடுப்பு வைக்கப்பட்டும், தளபாடங்கள் மாற்றப்பட்டும் தம் பழைய உருவை இழந்தன. பெத்தாயவேசியின் பழைய ஆலயமோ எவர்க்கும் தேவைப்படாது நின்றமையால், எவராலும் திருத்தப்படாமலும் நின்றது. புறக்கணிப்பே அதன் காவலாயிற்று. ஆனால் இதனைக் கொண்டு புறக்கணிப்பைப் போற்றுதல் தகாது. கூரை ஒழுகத் தொடங்கின் மரக்கட்டடத்தின் ஆயுள் நீடிப்பதில்லை. இன்னும் சில பத்தாண்டுகள் அவ்வாறே கழிந்திருப்பின் இக்கட்டுரைக்குப் பொருளே இருந்திராது.

1920களில் அதன் பெறுமதியை உணர்த்தியவர் யோசெப் ஸ்திரிகோவ்ஸ்கி (1862 - 1941) என்னும் கலை வரலாற்றறிஞர். வியன்னாப் பல்கலைக்கழகப் பேராசிரியரான அவர், அக்காலத்தில் பின்லாந்தின் துர்க்கு நகரிலுள்ள ஓபோ அக்கடமியிலும் கற்பித்தார். இந்தியக் கலையைப் பயில்வோர்க்கு அவர் பெயர் பிறிதொரு வகையில் அறிமுகமானது: 'இந்துக் கோயில்' என்னும் பெருநூலை 1946ஆம் ஆண்டில் வெளியிட்ட ஸ்டெல்லா கிராம்ரிஷ் வியன்னாவில் அவரிடம் பயின்றவரே. ஐரோப்பியக் கலையின் ஊற்றை உரோமாபுரியில் மாத்திரம் கண்ட அறிஞர்களை எதிர்த்து, கீழைத்தேயங்களின் பங்கை வலியுறுத்தியவர் ஸ்திரிகோவ்ஸ்கி. அவ்வெதிர்ப்பே வடபுலத்து மரக்கட்டடங்களின் பக்கமும் அவர் பார்வையைத் திருப்பிற்று. மற்றையோர் பாழடைந்த பழங்கட்டடமாகக் கண்டதை அவர் கலைப் படைப்பாகக் கண்டார். அதனைத் தொடர்ந்து 1929ஆம் ஆண்டில் திருத்த வேலைகள் ஆரம்பமாயின.

இவ்வகையில் அவருக்குரிய நன்றியை மறுத்தல் இயலாது. ஆனால் அவருடைய கோட்பாட்டின் மறுபக்கத்தையும் நாம் நோக்குதல் வேண்டும். வடபுலத்துக் கலை அந்நியக் கலப்பற்ற ஒரு தூய மூலத்தினின்றும் தோன்றியது என்ற கருத்தை வளர்த்துச் சென்ற அவர், பிற்காலத்தில் அதனை இனத் தூய்மைவாதத்துடன் பிணைத்தார். 1930களின் ஐரோப்பாவில் அத்தகைய கருத்துக்கள் எத்துணை அழிவுக்குத் துணைபோயின என்பதை வரலாறு அறியும். அடக்கப்பட்ட மரபொன்றின் மதிப்பை மீட்கப் புறப்பட்ட ஓர் ஆய்வு, பிற மரபுகளை இழிக்கும் கருவியாக மாறியமை கவலைக்குரியது. அதைவிடக் குறிப்பிடத்தக்கது, அவர் போற்றிய கட்டடமே அவர் கோட்பாட்டை மறுக்கின்றது என்பதாகும். இத்தாலிய மறுமலர்ச்சியின் திட்டம், கொதிக் காலத்து விதான நினைவு, ஜேர்மனியில் தோன்றிய சமயச் சீர்திருத்தம், கீழைத்தேயத்துப் புனிதர் ஐதீகம், வடபுலத்துத் தச்சுத் தொழில் ஆகிய இவை யாவும் கூடியே பெத்தாயவேசித் தேவாலயம் தோன்றியது. இவற்றுள் எதனை அந்நியம் என விலக்கினாலும் கட்டடம் நிற்காது.

முடிவுரை

1994ஆம் ஆண்டில் யுனெஸ்கோ நிறுவனம் இதனை உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. கிழக்கு ஸ்கந்திநேவியாவுக்கே உரிய மர ஆலய மரபின் சிறந்த எடுத்துக்காட்டு என்ற காரணத்தால் இம்மதிப்பு அதற்குக் கிடைத்தது. கோடை காலத்தில் இன்றும் அங்கு வழிபாடுகளும் திருமணங்களும் நடைபெறுகின்றன.

இதுவரை கூறியவற்றிலிருந்து இரு முடிவுகளுக்கு வரலாம். முதலாவது, ஒரு சமூகத்தின் அடிமட்டத்தில் வாழ்ந்தோர் தம் வரலாற்றை எழுத்தில் விட்டுச் செல்லாவிடினும், தாம் கோத்த மரத்திலும், செதுக்கிய முகத்திலும், அமர்ந்த வாங்கின் வரிசையிலும் விட்டுச் செல்கின்றனர். அவற்றை வாசிக்கும் பயிற்சியைப் பெறுவது வரலாற்று மாணவரின் கடமை. வர்ணம் பூசிப் புதுப்பிக்கும் ஆர்வத்தில் அவ்வெழுத்துக்களை அழித்துவிடாதிருப்பது மரபுரிமைக்கு உரியோரின் கடமை. இரண்டாவது, மரபைப் போற்றுதல் வேறு. அதன் தூய்மையைப் பறைசாற்றுதல் வேறு. முன்னதற்கு ஆய்வு வேண்டும், பின்னதற்கு மறதி வேண்டும். யாக்கோ லெப்பனென் எங்கிருந்து வந்த வடிவம் என வினவி எதனையும் தள்ளியவர் அல்லர். தம் மரத்துக்கும், தம் மக்களுக்கும், தம் ஏரிக்கரைக்கும் பொருந்துமா என்றே அவர் வினவியிருத்தல் வேண்டும். அவ்வினாவுக்கு அவர் கண்ட விடை இரண்டரை நூற்றாண்டுகள் கடந்தும் சாயாது நிற்கின்றது.